துரை கடித்த விரல்

நான் வேலை செய்யும் பதுளை அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சவர்க்காரம். சில மாதங்களுக்கு முன் எங்களோடு வேலை செய்யும் சின்னப் பெண்ணொருத்தி, வீட்டு நாய்க்குட்டி கட்டைவிரலை லேசாகக் கவ்விவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்தேன். அதற்குப் பிறகும் விடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "நாய்க்குட்டி கடிச்சது வலிக்கலங்க, அக்கா தேச்சதுதான் வலிக்குது" என்று மறுநாள் எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து நான் சவர்க்காரம்.

சொல்லிவிட்டுப் போகட்டும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். என் விஷயத்தில் பூனைக்கு ஒரு குறையும் வரவில்லை. சூடு கண்டது நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். நான் ஒரே பிள்ளை. என் வயதுப் பிள்ளைகள் லீவு நாட்களில் அம்மாமாரோடு மலைக்குப் போய், விளையாட்டாக ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து கிள்ளிக் கூடையில் போடுவார்கள். எனக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. லயத்துக்குப் பின்னால் நிற்கும் செடியில் சும்மா ஒரு கொழுந்தைத் தொட்டால்கூட என் புறங்கையில் அடி விழும். "இது எழுதுற கை. கொழுந்துல வைக்காத" என்பாள் அம்மா. அவள் கையெழுத்துப் போடும்போது கட்டைவிரலில் மையைத் தடவிக்கொள்வாள். அந்த நாட்களில் இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததில்லை. என்னை ஏன் ஒரு விளையாட்டிலும் சேர்க்கிறாளில்லை என்றுதான் கோபமாக இருக்கும்.

பூனையைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றில் சமையற்கட்டில் இருந்தார். ஒருநாள் பால்மாப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மூடியைத் திறந்து, ஒரு மறுவும் இல்லாத வெள்ளைக் குட்டியை எடுத்து எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் விட்டார். இடது காதில் மட்டும் ஒரு சின்னக் கிழிசல். விடுதியில் இதன் அம்மா வெள்ளைக்காரர்களோடு ஒரே கட்டிலில் படுக்கும், அவர்கள் முகத்தையே நக்கும் என்று மாமா பெருமையாகச் சொன்னார். வெள்ளையாக இருந்ததாலும், காலையும் மாலையும் வாலை நிமிர்த்திக்கொண்டு லயம் முழுதும் ஒவ்வொரு வாசலாகப் பார்வையிட்டுவிட்டு வருவதாலும் அதற்குத் துரை என்று பெயர் வைத்தோம். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குத் தெரியாதவரை அதில் ஒரு பிழையும் இல்லை.

அப்பாவுக்குத் துரையைப் பிடிக்காது. அவர் உட்காரும் நாற்காலியில்தான் அதுவும் உட்காரும். எலி தொல்லை குறைந்ததால் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "எலியப் பிடிச்சா இருக்கட்டும். புள்ள மேல பல்லு பட்டுச்சு, அன்னைக்கே கோணியில கட்டி லொறியில ஏத்திருவேன்." அப்பா சொன்னால் செய்கிறவர். வீட்டுக்கூரையில் ஒழுக்கு அடைப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னபடி செய்வார்.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் குடில் கட்டும் வேலை பிள்ளைகளுக்கு வந்தது. மானாப்புல்லால் கூரை போட்டோம். ஓடைக்கரையில் பாசி பெயர்த்து வந்து தரையில் விரித்தோம். சூசையப்பரும் மாதாவும் நல்ல நிலையில்தான் இருந்தார்கள். ஆடுகளின் பாடுதான் மோசம். மூன்று ஆட்டுக்குட்டிகளில் ஒன்றுக்குத் தலை இல்லை, ஒன்று போன வருடத்தோடு காணாமல் போயிருந்தது, மிச்சமிருந்த ஒன்று மூன்று காலில் சாய்ந்து நின்றது. உலக இரட்சகர் பிறந்த இடத்தில் ஒரு நொண்டி ஆடு மட்டும் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளை வெளேரென்று ஒன்று எங்கள் வீட்டில் சும்மாதானே படுத்திருக்கிறது என்று தோன்றியது.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், மற்றப் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் துரையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினேன், பேசாமல் இருந்தது. முதுகில் பஞ்சு வைத்தேன், அதையும் பொறுத்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். பாலன் முன்னால் அது மண்டியிட்டால் இன்னும் அழகாக இருக்கும் என்று நினைத்து, தலையைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். துரைமார் மண்டியிடுவதில்லை. திரும்பி என் வலது கையில் ஒரே கடி கடித்துவிட்டு, ரிப்பனும் பஞ்சுமாக ஜன்னல் வழியே பாய்ந்து போய்விட்டது.

ஆட்காட்டி விரலின் அடியில் ஊசியால் குத்தினதுபோல இரண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு இரத்தம். அவ்வளவுதான். வலியைவிட எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பாவின் கோணி. துரையை லொறியில் ஏற்றிவிடுவார். நான்தான் அமுக்கினேன் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். என்ன செய்வது என்று பார்த்தபோது தரையில் விரித்த ஈரப் பாசியில் ஓர் அட்டை நெளிந்துகொண்டிருந்தது. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அட்டை கடிப்பதை யாரும் ஒரு கடியாகச் சேர்ப்பதில்லை. மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து கடியாவது இருக்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவார்கள், அப்படியும் கடிக்கும். சுண்ணாம்பு தொட்டு வைத்தால் அட்டை சுருண்டு விழும். ஆனால் அதன் பிறகும் இரத்தம் நிற்காமல் ஒழுகும். அதற்கு ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளைக் கிழித்துக் காயத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டிய தாளைத் தானாக விழும்வரை யாரும் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் மறுபடி ஒழுகும். இது எங்கள் லயத்தில் நடக்கப் பழகின குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். பாசிக்கு அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகையில் ஓரத்தைக் கிழித்து, எச்சில் தொட்டு, இரண்டு ஓட்டையையும் மூடி ஒட்டினேன். பார்ப்பதற்கு அசல் அட்டைக் கடி.

சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வந்தாள். இஸ்தோப்பில் உட்கார்ந்து தன் காலில் ஏறியிருந்த அட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டினேன்.

"அட்டை கடிச்சிருச்சும்மா. பாசி எடுக்கப் போனோம்ல."

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாசிக்குள்ள கைய விட்டா அட்டை கடிக்காம ஆட்டுக்குட்டியா கடிக்கும்?" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அம்மா தன்பாட்டில் வெற்றிலைப் பையைத் திறந்து சுண்ணாம்பை எடுத்தாள். தாளைப் பிய்க்கவில்லை. அதன் மேலேயே சுண்ணாம்பை அப்பி, பழைய சேலையில் ஒரு நாடா கிழித்து இறுக்கிக் கட்டிவிட்டாள். அத்தனை வருடம் ஆயிரம் அட்டைக் கடியைப் பார்த்தவள், அந்தக் கட்டையும் ஒரு பிழையில்லாமல் கட்டினாள். கடித்தது அட்டையாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

துரையும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. ரிப்பனை எங்கேயோ தொலைத்திருந்தது. என்னைப் பார்த்து ஒன்றும் நடக்காததுபோல வாலை நிமிர்த்திக்கொண்டு போனது. நானும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இராத்திரியெல்லாம் கை விண் விண்ணென்று தெறித்தது. விடிந்து பார்த்தால் விரல் ஏலக்காய் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. உடம்பும் கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை. மாதம் ஒருமுறை வரும் சாமியார் அன்றைக்கு வந்திருந்தார். பனிக்குப் போடும் சுவெட்டரின் நீளக் கைக்குள் கையை ஒளித்துக்கொண்டு அம்மா பக்கத்தில் நின்றேன். இரண்டு பாட்டுவரை தப்பித்தேன். பூசையில் ஒருவருக்கொருவர் கைகுவித்துச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. அம்மா என் பக்கம் திரும்பிக் கைகுவித்தாள். நானும் குவிக்கப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் சேரவில்லை. இடையில் ஒரு பந்து இருப்பதுபோல வலது கை விலகியே நின்றது.

அம்மா சமாதானம் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, சுவெட்டரை மேலே தள்ளி, அந்த இடத்திலேயே நாடாவை அவிழ்த்துத் தாளைப் பிய்த்தாள். தாளோடு சீழ் வந்தது.

"இது அட்டை இல்லடி" என்றாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. "அட்டைக் கடின்னா ரெத்தம் ஒழுகும், வீங்காது. அதுக்கு ஒரு வாய்தான். இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. என்னா கடிச்சிச்சு? பாம்பா?"

பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் கோயிலே நின்றுவிட்டது. இனியும் மறைத்தால் எங்கே போய் முடியுமோ என்று பயந்து, "துரைதாம்மா கடிச்சிச்சு" என்று அழுதேன். சாமியார் எங்கள் துரையை அறியாதவர். தோட்டத்துத் துரை பிள்ளையைக் கடித்துவிட்டாரா என்று அவர் முகம் போன போக்கை மற்றவர்கள் பிறகு பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அப்பா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூனைக் கடிதானே. நாய் கடிச்சாத்தான் ஊசி. மஞ்சள் அரைச்சுப் போட்டா ராவைக்கு வத்திரும்" என்றார். லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அம்மா என் சுவெட்டரை இன்னும் மேலே தள்ளிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கிச் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. அப்பா டிஸ்பென்சரிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா லீவு நாளிலும் கதவைத் திறந்தார். கையை ஒரு தரம்தான் பார்த்தார். "எத்தன மணிக்குக் கடிச்சிச்சு? கழுவுனீங்களா?" என்று கேட்டார். கழுவவில்லை, தாள் ஒட்டினோம் என்றாள் அம்மா. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கும். குழாயைத் திறந்துவிட்டுத் தானே சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே, "பூனைப் பல்லு ஊசிங்க. வெளிய பொட்டு, உள்ளுக்க ஆழம். அட்டைக்கு அடைக்கிற மாதிரி இத அடைச்சா வெஷம் உள்ளுக்கயே நிக்கும். இப்பவே பதுளைக்குக் கொண்டு போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார்.

ஆட்டோவில் அம்மாவும் நானும் பசறை வழியாகப் போனோம். அப்பா மாற்றுடுப்பு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். வழி நெடுக அம்மா என் கையைத் தன் நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்தபடியே இருந்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன், அடிக்கவில்லை. "நாந்தானே சுண்ணாம்பு வச்சுக் கட்டுனேன்" என்று இரண்டு மூன்று தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய் சொன்னது நான், அம்மா ஏன் கலங்குகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார். விரலை மடக்கச் சொன்னார். மடங்கவில்லை. அவர் மடக்கப் பார்த்தார், நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு எட்டிப்பார்த்தது. பேனாவை எடுத்து, என் முன்கையில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கீறிக் கழுவ வேணும். விரல் நரம்பு பக்கம் போச்சு. நாளைக்கு வந்தா விரல் மடக்கமாட்டாம போகும். இப்பவும்... பார்ப்போம்." அந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லுக்கு அம்மா தலையாட்டியது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மயக்கம் கொடுத்துக் கீறிக் கழுவினார்கள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் கண்விழித்தபோது அப்பா ஒரு பை பனிஸ் ரொட்டியோடு கட்டிலடியில் நின்றார். முகத்தில் கடமையை முடித்த திருப்தி.

"பூனையப் பத்திக் கவலப்படாத. கோணியில கட்டி மரக்கறி லொறியில ஏத்தியாச்சு. இந்நேரம் பெரகல தாண்டியிருக்கும்" என்றார். நான் அழுதேன். அது வலிக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் திரும்பி வந்து, அப்பாவிடம் சிங்களத்தில் இரண்டே சொல் கேட்டார். "கோ பூசா?" பூனை எங்கே என்று அர்த்தம். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். பெருமையாகவே கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க டொக்டரின் முகம் மாறியது. விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும் என்றார். தடுப்பூசி தொடங்கியாகிவிட்டது. ஆனால் கடித்த பூனையைப் பதினாலு நாள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் பயம் விட்டது, மிச்ச ஊசியும் வேண்டாம். பூனையே இல்லையென்றால் எதை வைத்துச் சொல்வது? இதை அவர் சிங்களத்தில் ஒரு தரமும், அம்மாவுக்காகத் தமிழில் ஒரு தரமும் சொன்னார். இரண்டாம் தரம் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டிவிட்டது.

அம்மா அப்பாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "பெரகலைக்குப் போங்க. பூனை இல்லாம வராதீங்க" என்றாள்.

மறுநாள் நடந்ததை அப்பா வாயால் கேட்டதுதான். அவர் சொல்லும் ஒவ்வொரு தரமும் பெரகலயில் ஒரு கடை கூடும், அதனால் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். லொறிக்காரர் சந்தியில் கோணியை அவிழ்த்துவிட்டதாகப் போனில் சொன்னார். அப்பா முதல் பஸ்ஸில் போய் இறங்கி, ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று "துரை, துரை" என்று கூப்பிட்டிருக்கிறார். எந்தத் துரையைத் தேடுகிறார் என்று பார்க்க ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் ஒரு பலசரக்குக் கடையில், அரிசி மூட்டை மேல், இடது காதில் கிழிசலோடு எங்கள் துரை படுத்திருந்தது. ஒரே இராத்திரியில் அங்கேயும் மேற்பார்வையை ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது.

கடைக்கார அம்மா கொடுக்க மறுத்தார். வந்த அன்றே இரண்டு எலி பிடித்ததாம். "நல்ல பூனைங்க, இத ஏன் விட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"எம் மகளைக் கடிச்சிருச்சுங்க."

"அப்ப ஏங்க திரும்பத் தேடி வந்தீங்க?"

"கடிச்சதுனாலதாங்க வேணும்" என்றிருக்கிறார் அப்பா. அந்த அம்மா அப்பாவைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தாராம். பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, பதினாலு நாள் என்று முழுக்கதையையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துரைக்கு வழிக்கு ஒரு கருவாட்டுத் துண்டும் கட்டிக் கொடுத்தார். கோணியில் ஏற்றியனுப்பிய ஆளை அப்பா அதே கோணியில், தலைமட்டும் வெளியே தெரியும்படி, மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இங்கே வார்டில் அம்மா பேனாக் கோட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. எழுத்துத் தெரியாதவள், அந்த ஒரு கோட்டை நாள் முழுதும் வாசித்தாள். ஞாயிறு சாயங்காலம் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே போனது. அம்மா ஓடிப்போய் நர்ஸைக் கூட்டி வந்தாள். மருந்தை மாற்றினார்கள். திங்கட்கிழமை அது அங்கேயே நின்றது. செவ்வாய்க்கிழமை காலை அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். "கீழ எறங்கிருச்சுடி! இங்க பாரு, கோட்டுக்குக் கீழ எறங்கிருச்சு!" காய்ச்சலும் விட்டிருந்தது. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவும் அன்றைக்குத்தான் பூனை பத்திரம் என்ற செய்தியோடு வந்து சேர்ந்தார். அம்மா இரண்டு பனிஸை ஒன்றாகச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் எதையும் சாப்பிட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அந்தப் பதினாலு நாளும் எங்கள் வீட்டில் துரைக்கு நடந்த உபசாரம் உண்மையான துரைக்கும் நடந்திருக்காது. நாற்காலி அதற்கே விடப்பட்டது. ஸ்டோருக்குப் போகுமுன் அப்பா அதன் முகத்தைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, வாயில் நுரை இருக்கிறதா என்று தினமும் டிஸ்பென்சரி ஐயாவிடம் போய் ஒப்பிப்பார். ஒருநாள் அது சாப்பிடாமல் படுத்திருந்தது. அப்பாவும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பின்வீட்டில் யாரோ கொடுத்த மாசிக்கருவாட்டை முட்டமுட்டத் தின்றுவிட்டுத்தான் படுத்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பதினாலாம் நாள் டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்தார். துரை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. "நல்லா இருக்குங்க" என்றார் அவர். அப்பா இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிய அன்று காலை, டொக்டர் என் விரலை மடக்கச் சொன்னார். பாதிதான் மடங்கியது. தினமும் பழக்கினால் சரியாகிவிடும் என்று அவர் சொன்னார். அம்மா தலையாட்டினாள், ஆனால் நம்பவில்லை. துணிமணியைப் பையில் கட்டிவிட்டு, அப்பா மருந்து எடுக்கப் போன நேரத்தில் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வேலிக்கு வளர்த்த ஏதோ ஒரு செடி புதுத் தளிர் விட்டிருந்தது. தேயிலை இல்லை. அம்மா அதன் முன்னால் என்னை நிறுத்தினாள்.

"கிள்ளு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே இரண்டு விரலால் ஒரு தளிரைக் கிள்ளிக் காட்டினாள். இரண்டு இலையும் நுனி மொட்டுமாக, மலையில் கிள்ளுவதுபோலவே. "இப்புடி. வலது கையால."

கொழுந்தைத் தொட்டால் அடிக்கிற அம்மா, கிள்ளச் சொல்கிறாள். பொய் சொன்னதற்குத் தண்டனை இதுதான் என்று முடிவுகட்டினேன். இனிப் பள்ளிக்கூடம் இல்லை, கூடை மாட்டி மலைக்கு அனுப்பப் போகிறாள், அதற்குத்தான் பழக்கிப் பார்க்கிறாள். நன்றாகக் கிள்ளினால் தொலைந்தேன். அதனால் வேண்டுமென்றே விரலைத் தளர்த்தி, தளிரைப் பிடிப்பதுபோல் பிடித்து நழுவவிட்டேன்.

"இன்னொரு தரம்" என்றாள். மறுபடியும் நழுவவிட்டேன்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. அப்படியே முற்றத்துத் தரையில், ஈரம் என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு மலையைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

"நல்லாக் கிள்ளுனா மலைக்கு அனுப்பிருவியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாதபடி ஒரு சத்தம் வந்தது. "கிள்ளுடி கழுத!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். நான் கிள்ளினேன். வலித்தது, ஆனால் விரல் பிடித்தது. ஒன்று, இன்னொன்று என்று கை நிறையக் கிள்ளும்வரை அவள் போதும் என்று சொல்லவில்லை.

பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால், நான் எழுதியது எழுத்தா கிறுக்கலா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஒரு விரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அம்மாவுக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான். அதில் நான் தேறினால்தான் இந்தக் கை மலைக்குப் போக வேண்டியிராது என்று அன்றைக்கு எனக்கு யார் சொல்வார்கள்? குளிர் காலையில் அந்த விரல் இன்னும் கொஞ்சம் விறைக்கும். அதை நீவிவிட்டுத்தான் இந்தப் பக்கங்களையும் எழுதினேன்.

அன்றைக்கு அம்மா அந்தத் தளிர்களைக் கீழே போடவில்லை. ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் நமுனுகுல வரும்வரை அந்த முடிச்சை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள், பெரகலயிலிருந்து அப்பா பூனையைப் பிடித்துக்கொண்டு வந்ததைவிடக் கவனமாக. ஆஸ்பத்திரி வேலியில் கிள்ளிய இலை, கறிக்குச் சுண்டக்கூட உதவாது, இதற்கு எதற்கு இவ்வளவு காவல் என்று நினைத்தபடி நான் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.